கன்னிப்பூ அறுப்பு: பெல்ட் வண்டியா டயர் வண்டியா? நெல் எங்க சிந்துது?

வரப்புக்காரன்
கன்னியாகுமரி மாவட்டம் தோவாளைப் பக்கம், வாய்க்கால் கடைசி வயல். கன்னிப்பூ (மொதல் போகம்) நெல்லு. 30 சென்ட், 40 சென்ட் துண்டுகளா மொத்தம் 6 ஏக்கர். அம்பை 16 ரகம், பாதிக்கு மேல சாஞ்சு கெடக்கு. பெல்ட் வண்டி (டயருக்குப் பதிலா ரப்பர் பெல்ட்ல ஓடுற நெல் அறுப்பு மெஷின்) போன தடத்துல வைக்கோல விலக்கிப் பாத்தா கீழ நெல் கெடக்கு. டேங்க்ல வாற நெல்லுல கூளமும் சாஸ்தி. டிரைவர்ட்ட கேட்டா “ஈரம் சார், இப்படித்தான் இருக்கும்”ங்காரு. இது மெஷின் கோளாறா, ஓட்டுற கோளாறா? மீதி 4 ஏக்கருக்கு 14 அடி டயர் வண்டி பிடிச்சா தேவலையா?

ஸ்பேனர்_16
அண்ணாச்சி, வண்டிய மாத்துறதுக்கு முன்ன நெல் எந்த இடத்துல சிந்துதுன்னு பாத்துருவோம். முன்பக்கம் (கத்தி, பயிரக் கத்திப் பக்கம் இழுக்குற ரீல்), கதிர அடிச்சு நெல்லப் பிரிக்கிற டிரம், நெல்லச் சலிக்கிற சல்லடை மூணும் மூணு விதமா சிந்தும். மருந்தும் வேற வேற.

பாக்குற முறை: நல்லா ஓடிக்கிட்டிருக்கும்போதே வண்டிய நிப்பாட்டச் சொல்லுங்க. வெட்டுறத நிறுத்திட்டு 5 மீட்டர் பின்னால எடுக்கணும். 1 மீட்டருக்கு 1 மீட்டர் சட்டம் (நாலு கம்பு கட்டுனாலும் போதும்) வச்சு மூணு இடத்துல எண்ணுங்க.

அ) இன்னும் வெட்டாத பயிருக்குள்ள. இது தானா உதிர்ந்த நெல். மெஷின் கணக்குல வராது.
ஆ) வெட்டின இடத்துக்கும் வைக்கோல் விழுந்த இடத்துக்கும் நடுவுல. இதுல (அ)-வைக் கழிச்சா முன்பக்க இழப்பு.
இ) வைக்கோல் விழுந்த பட்டையில, வைக்கோல உதறி எடுத்துட்டு. இதுல (ஆ)-வைக் கழிச்சா டிரம், சல்லடை இழப்பு. ஆனா 2 மீட்டர் வெட்டுன நெல்லு 1 மீட்டர் பட்டையில விழுது, அதனால பாதியாக்கணும். இத மறந்துட்டு எண்ணுறவங்கதான் பாதி சண்டையக் கிளப்புறது.

1 சதுர மீட்டருக்கு 100 நெல்லுன்னா ஏக்கருக்கு ஏறக்குறைய 10 கிலோ. 1000 நெல் 25 கிராம்னு வச்ச கணக்கு. அம்பை 16 மாதிரி குண்டு நெல்லுக்கு ஒத்துவரும். ஏக்கருக்கு 2000 கிலோ விளைஞ்சா 200 நெல்லு சிந்துனாலும் 1 சதவீதம்தான். தரையில கெடக்குறது கண்ணுக்கு எப்பவும் கூடுதலாத் தெரியும். அதனால எண்ணாம டிரைவரத் திட்டாதீங்க.

இன்னொண்ணு. (இ)-ல கெடக்குறது எப்படிக் கெடக்குன்னு பாருங்க. கதிர்லயே ஒட்டிக்கிட்டிருந்தா டிரம் அடிக்கல. உதிர்ந்த நெல்லு நீள வைக்கோலோட கலந்து கெடந்தா டிரம்ல இருந்து பிரியாம போயிருக்கு. கூளம் விழுற வரிசையில கெடந்தா சல்லடை இல்லாட்டா காத்து.

வரப்புக்காரன்
எண்ணிட்டேன். (அ) 20, (ஆ) 180, (இ) 1460. கதிர்ல ஒட்டினது ரொம்பக் கொஞ்சம். பெரும்பாலும் உதிர்ந்த நெல், வைக்கோலுக்குள்ள.

ஸ்பேனர்_16
முன்பக்கம் 160. பின்பக்கம் 1280, பாதியாக்குனா 640. ஆக மொத்தம் 800, ஏக்கருக்கு 80 கிலோ, 2000 கிலோவுல 4 சதவீதம். இது கூடுதல்தான். சாஞ்ச பயிர்ல முன்பக்க 160-ஐப் பெரிசா கொறை சொல்ல முடியாது. பின்பக்கம்தான் வண்டிக்குள்ள தின்ன முடியாத அளவுக்கு வைக்கோல் போகுதுன்னு சொல்லுது.

வேகம் என்னன்னு அளந்தீங்களா? 20 மீட்டருக்கு ரெண்டு குச்சி நட்டு செல்போன்ல நொடி பாருங்க. 18 நொடின்னா மணிக்கு 4 கிலோமீட்டர், 24 நொடின்னா 3, 36 நொடின்னா 2.

அடுத்து இஞ்சின் சத்தத்தக் கேளுங்க. பெல்ட் வண்டில போற வேகம் ஹெச்.எஸ்.டி. (எண்ணெய் அழுத்தத்துல வண்டிய நகர்த்துற பம்ப் அமைப்பு) லிவர்ல. ஆக்சிலேட்டர் அறுக்கும்போது முழுசா இருக்கணும். டீசல் மிச்சம்னு ஆக்சிலேட்டரக் கொறச்சா டிரம், விசிறி, சல்லடை, நெல்ல மேல ஏத்துற எலிவேட்டர் எல்லாமே சேர்ந்து மெதுவாயிரும். வைக்கோலுக்குள்ள நெல்லு போறதும் டேங்க்ல கூளம் வாறதும் ஒரே நேரத்துல நடந்தா மொதல்ல சந்தேகப்பட வேண்டியது இதத்தான். உங்களுக்கு ரெண்டும் இருக்கு.

வரப்புக்காரன்
19 நொடி. ஆக்சிலேட்டர் முக்கால்தான்.

பெல்ட்வண்டி_ஓட்டுநர்
டிரைவர் பக்கமும் கொஞ்சம் பேசணும்லா. மணி வாடகைன்னா வயல்காரர் வரப்புல நின்னு “வேகமாப் போ”ன்னு சொல்லுவாரு. ஏக்கர் வாடகைன்னா வண்டிக்காரர் போன்ல “சீக்கிரம் முடி”ம்பாரு. ரெண்டுலயும் வேகம்தான் கூடும். சாஞ்ச, ஈரப் பயிர்ல 2 கிலோமீட்டர்தான் சரி, அதுக்கு மணிக்கூலிதான் ஒத்துவரும். நேரா நிக்குற காஞ்ச கும்பப்பூ (ரெண்டாம் போகம்) நெல்லுக்கு ஏக்கர் கணக்கு பேசலாம்.

சாஞ்சதுக்கு என்ன செய்யணும்னா:

பயிர் சாஞ்ச திசைக்கு எதிர்ல, இல்லன்னா குறுக்க அறுக்கணும். சாஞ்ச திசையிலயே போனா கத்தி கதிருக்கு மேல தடவிக்கிட்டுப் போகும். வயல் துண்டு நீளமா இருந்தா ஒரு பக்கம் அறுத்துட்டு மறுபக்கம் சும்மா திரும்பி வரணும். நேரம் போகும், நெல்லு மிஞ்சும்.

ரீலை முன்னால தள்ளி, கீழ எறக்கி, விரல் பின்னால சாயுற மாதிரி வைக்கணும். நேரா நிக்குற பயிருக்கு ரீல் நுனி வேகம் வண்டி வேகத்த விட 1.1-லயிருந்து 1.25 மடங்கு. 3 கிலோமீட்டர்ல போற வண்டிக்கு 90 செ.மீ. ரீல்னா நிமிஷத்துக்கு ஏறக்குறைய 21 சுத்து. சாஞ்சதுக்கு 1.5 மடங்கு வரை போகலாம். அதுக்கு மேல போனா ரீலே கதிர அடிச்சு உதிர்த்துரும், (ஆ) எண்ணிக்கை ஏறும்.

அறுக்கிற உயரம்: வைக்கோல் வேணும்னு தரையோட ஒட்டி அறுக்கச் சொல்லாதீங்க. ஈரத் தாள் முழுசும் டிரம்முக்குள்ள போகும், தொளியும் (சேறும்) கூட வரும். கதிர் கிட்டுற உயரத்துல வெட்டினா உள்ள போற பாரம் பாதியாக் கொறையும்.

ஸ்பேனர்_16
சரியாச் சொன்னீங்க தம்பி. இதுக்கு மேல டிரம் கிட்ட வருவோம். வண்டிய நிறுத்தி, சாவிய உருவி பையில போட்டுட்டு, பக்க மூடியத் தெறந்து பாருங்க.

கான்கேவ் (டிரம்முக்குக் கீழ நெல்லு எறங்குற கம்பித் தட்டு) கம்பி இடைவெளி ஈர இலையும் சேறும் அப்பி அடைச்சிருக்கும். பாதி அடைச்சா நெல்லு கீழ எறங்க வழியில்லாம வைக்கோலோட வெளிய போகும். இரும்புக் கம்பியால குத்தி எடுக்கணும். ஈர நாள்ல மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்.

டிரம் மேல் மூடிக்கு உள்பக்கம் சாய்வாத் தகடுங்க இருக்கும். வைக்கோல் டிரம்முக்குள்ள எவ்வளவு நேரம் சுத்தணும்ங்கிறத அதுதான் முடிவு பண்ணுது. சீக்கிரம் தள்ளுற நிலையில வச்சா பாரம் கொறையும், நெல்லு தப்பும். நிறுத்தி வைக்கிற நிலையில நெல்லு முழுசா பிரியும், வைக்கோல் பொடியும், டீசல் கூடும். உங்களுக்கு நடு நிலையிலயிருந்து ஒரு படி நிறுத்துற பக்கம் போதும்.

டிரம் பல் தேஞ்சிருக்கான்னு பாருங்க. சுத்துற திசைக்கு எதிர்ப்பட்ட பக்கந்தான் தேயும். ஒரு பக்கம் தேஞ்சா திருப்பிப் போடுற மாதிரி பல்லும் உண்டு. மாத்துறதா இருந்தா எதிரெதிர்ப் பல்ல சேர்த்து மாத்தணும். இல்லன்னா டிரம் ஆடும், பேரிங் போகும்.

டிரம் பெல்ட் தளர்ந்தாலும் இதே அறிகுறிதான். ரப்பர் வாடை வரும், பாரம் ஏறும்போது மட்டும் சத்தம் எறங்கும்.

கடைசியாத்தான் காத்தும் சல்லடையும். ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க, 20 மீட்டர் அறுங்க, திரும்ப எண்ணுங்க. நாலையும் சேர்த்துத் திருப்பினா எது வேலை செஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது.

பத்துக்காரி
கூளம் பத்தி ஒரு வார்த்தை. டேங்க்ல கூளம் வந்தா எல்லாரும் உடனே விசிறியக் கூட்டுவாங்க. கையில அள்ளிப் பாருங்க. நீளமான தும்பும் இலையும்னா சல்லடை கூடுதலாத் தெறந்திருக்கு. சாவியும் (பதரும்) உமியும்னா காத்து பத்தல. நுணுக்கி நுணுக்கி ஒடிஞ்ச வைக்கோல்னா டிரம் வேகம் கூடுதல், அத விசிறியால சரி பண்ணவே முடியாது. காத்தக் கூட்டினா நல்ல நெல்லும் பின்னால பறக்கும்.

அப்புறம் ரிட்டர்ன் எலிவேட்டர். சல்லடையில முழுசாப் பிரியாதது அது வழியா திரும்ப மேல போகும். அதுல நல்ல நெல்லு நெறைய ஓடுதுன்னா சல்லடை ரொம்ப மூடியிருக்கு. அதே நெல்லு ரெண்டு தரம் மூணு தரம் சுத்திச் சுத்தி அடிபட்டு ஒடியும்.

வரப்புக்காரன்
ஆக்சிலேட்டர் முழுசு, 20 மீட்டருக்கு 34 நொடி, கான்கேவ் சுத்தம், கொஞ்சம் உயர்த்தி வெட்டு. இப்ப (அ) 20, (ஆ) 140, (இ) 620. கணக்குப்படி 120 + 240 = 360, ஏக்கருக்கு 36 கிலோ. டேங்க்ல கூளமும் கொறஞ்சிருக்கு. கான்கேவ்ல எடுத்த அழுக்கு ஒரு சட்டி இருக்கும்.

அப்ப டயர் வண்டி கேள்வி?

சுசீந்திரம்_டயர்
டயர் வண்டிய ஒரேயடியா ஒதுக்கிராதீங்க. கர்த்தார் 4000, ப்ரீத் 987 மாதிரி வண்டிங்க 14 அடி வெட்டு, 100 குதிரைத்திறன் சுற்று. காஞ்ச தரையில பெல்ட் வண்டி ரெண்டு மடங்கு நேரம் எடுக்கும். ரோட்டுல தானா ஓடிப் போகும், லாரி வேண்டாம். டயர் தேய்மானச் செலவு ரப்பர் பெல்ட்ட விடக் கொறச்சல். கும்பப்பூவுல மாசி மாசம் வயல் காஞ்சிருக்கும்போது எதுக்கு பெல்ட்?

ஸ்பேனர்_16
பெரிய வயலுக்கு நீங்க சொல்லுறது சரி. நம்ம துண்டுக்குக் கணக்குப் போடுவோம். 30 × 40 மீட்டர், ஏறக்குறைய 30 சென்ட். வேகம் 3 கிலோமீட்டர்.

2 மீட்டர் பெல்ட் வண்டி: 15 தடம். வெட்டுற நேரம் 12 நிமிஷம். திரும்ப 30 நொடி வீதம் ஏழரை நிமிஷம். மொத்தம் 20-க்குப் பக்கம்.

4.2 மீட்டர் டயர் வண்டி: 8 தடம். வெட்டுற நேரம் 6 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. ஆனா திரும்ப ஒரு நிமிஷம் வீதம் 8 நிமிஷம். மொத்தம் 14 சுற்று.

வெட்டு அகலம் ரெண்டு மடங்கு, நேரம் கால்வாசிதான் மிச்சம். இதுல மூலைய ஆள் வச்சு அறுக்கிறது சேரல. பெல்ட் வண்டி ஒரு பெல்ட்ட முன்னாலயும் ஒண்ணப் பின்னாலயும் ஓட்டி நின்ன இடத்துல திரும்பும் (எல்லா மாடல்லயும் இல்ல, வாங்குறவங்க கேட்டுக்கணும்). டயர் வண்டிக்கு நாலு மூலையிலயும் 4 மீட்டருக்கு மேல அரிவாள் வேலை வைக்கணும்.

ஈரத்துக்கு: 3 டன் பெல்ட் வண்டி, பெல்ட் 45 செ.மீ. அகலம், தரையில படுற நீளம் 1.6 மீட்டர்னு வச்சா சதுர செ.மீ.க்கு 0.21 கிலோ அழுத்தம். டேங்க் நெறஞ்சா கொஞ்சம் கூடும். டயர் வண்டியில எடையில பெரும்பங்கு ரெண்டு முன் டயர் மேல. கன்னிப்பூ அறுப்புல மழை விட்டு விட்டு வரும்போது அது தடம் பதிச்சா அடுத்த கும்பப்பூ உழவுல அந்தக் குழி நிரவ தனிச் செலவு.

எது அறுத்தாலும் 7–10 நாள் முன்னால தண்ணிய வடிச்சிருக்கணும். வாமடை (வயல் தண்ணி போற வாய்) மேட்டுல இருந்தா வயலுக்குள்ள குறுக்க ஒரு சால் எடுத்து வடிக்கணும். கடைசி வாய்க்கால் வயல்ல மேல் வயல்காரர் தண்ணியும் உங்க வயல் வழியாத்தான் வரும்ங்கிறதால அவர்ட்டயும் ஒரு வார்த்தை சொல்லணும்.

சுசீந்திரம்_டயர்
திரும்புற கணக்கு ஒத்துக்கிடுறேன். ஆனா 2 ஏக்கர் ஒரே பரப்பா இருக்குற பத்துகளும் (வயல்வெளிகளும்) நம்ம பக்கம் உண்டு. அங்க எங்க டயர் வண்டிதான்.

வைக்கோல்படப்பு
மாடு வச்சிருக்கிறவங்களுக்கு வைக்கோல்தான் பாதி வருமானம். பெல்ட் வண்டியில பயிர் முழுசும் அச்சுவாக்குல (டிரம் நீளவாக்குல) டிரம்மச் சுத்திச் சுத்திப் போறதால வைக்கோல் நைஞ்சு போகும், மாடு ஒதுக்கும். டயர் வண்டியில பெரும்பாலும் டிரம்மைத் தாண்டினதும் உதறுற தட்டு மேல போறதால கொஞ்சம் நீளமா விழும். கிளாஸ் கிராப் டைகர் மாதிரியானதுல மொதல்ல குறுக்கு டிரம், அப்புறம் அச்சுவாக்கு ரோட்டர்னு ரெண்டு கட்டம். குபோட்டா டிசி 68ஜி-ல ஒரே நீள டிரம். வைக்கோல் முழுசா வேணும்னா கதிர மட்டும் உள்ள விட்டு அடிக்கிற ஜப்பான் வகைதான் ஒரே வழி.

பேலர் (வைக்கோல் கட்டு போடுற மெஷின்) வச்சுக் கட்டுறவங்களுக்கு: வண்டி பின்னால வைக்கோல் வெட்டுற கத்தி இருந்தா அத விலக்கி வைக்கச் சொல்லுங்க. வைக்கோல் நல்லா காயாம கட்டினா உள்ள பூஞ்சை பிடிக்கும். பேலர் வரிசையில போகும்போது தொளியையும் சேர்த்து வாரினா மாடு திங்காது. அதனால தொளி வயல்ல அரிதாள் ஒரு சாணுக்கு நிக்குறது நல்லது, வைக்கோல் அது மேல கெடந்து காயும்.

பத்துக்காரி
நம்ம ஊர்ல யாரும் சொல்லாத ஒண்ணு, தேங்கா. வரப்புல தென்னை நிக்காத வயல் எத்தன? நெற்றுத் தேங்கா, கொதும்பு, மட்டை எல்லாம் பயிருக்குள்ள விழுந்து கெடக்கும். வண்டி வாறதுக்கு முந்தின நாள் வரப்போரம் 3 மீட்டர் ஆள் நடந்து பொறுக்கியே ஆகணும். முழுத் தேங்கா ஆகருக்குள்ள (வெட்டின பயிர நடுவுக்குத் தள்ளுற சுருள்) போனா விரல் வளையும், பயிர டிரம்முக்கு ஏத்துற ஃபீடர் செயின் பட்டை ஒடியும். கொதும்பு கத்திக்கு நடுவுல செருகினா கார்டு (கத்தி ஓடுற இரும்பு விரல்) ஒடியும். மின்கம்பத்த இழுத்துக் கட்டுன ஸ்டே கம்பியும் மின்கம்பியும் தாழ்வா போற வயல்னா டிரைவருக்கு மொதல்லயே காட்டணும். டேங்க் குழாயத் தூக்கும்போதுதான் ஆபத்து.

பெல்ட்வண்டி_ஓட்டுநர்
அக்கா சொன்னதுக்கு அப்புறம் கத்திய விட முடியாது. தாள் வெட்டாம வேரோட பிடுங்கிட்டு வந்தா: கத்தித் துண்டு மழுங்கியிருக்கு, இல்ல கார்டு வளைஞ்சு இடைவெளி விழுந்திருக்கு. கத்தி நுனி கார்டு தகட்ட ஒட்டி ஓடணும், பின்பக்கம் அரை மில்லிமீட்டர் சுமாருக்கு இடைவெளி போதும். ஓட்டத்தோட ரெண்டு கடைசியிலயும் கத்தி நடு கார்டு நடுவுக்கு நேரா நிக்கணும். ஒரு பக்கம் தள்ளி நின்னா வெட்டு ஒரு வரி விட்டு ஒரு வரி நிக்கும்.

வண்டியில எப்பவும் இருக்க வேண்டியது: கத்தித் துண்டு 6, அதுக்கான ரிவிட் இல்ல போல்ட், கார்டு 2, ரீல் விரல் 4, ஒவ்வொரு செயின் அளவுக்கும் லாக்கு ரெண்டு, டிரம் பெல்ட் 1, கிரீஸ் துப்பாக்கி. பெரிய பெல்ட் நம்ம ஊர்ல உடனே கெடைக்காத நாள் உண்டு, திருநெல்வேலி போகணும்.

உழவர்குழு_7
குழுவா சேர்ந்து பழைய பெல்ட் வண்டி வாங்கலாமான்னு பேச்சு. எதப் பாக்கணும்? புதுசு வாங்குனா எது?

ஸ்பேனர்_16
கம்பெனி பேர விட ரெண்டு கேள்வி முக்கியம். நாகர்கோவில்ல இருந்து அரை நாள்ல மெக்கானிக் வருவாரா? பெல்ட், ரோலர், பேரிங் கடையில கையிருப்பு உண்டா? அறுப்பு சீசன்ல மூணு நாள் நின்னா போச்சு. டிசி 68ஜி 68 குதிரைத்திறன், கிராப் டைகர் 30 ஏறக்குறைய 60, ரெண்டுக்கும் வெட்டு 2 மீட்டர் சுற்று. நம்ம துண்டு வயலுக்கு ரெண்டுமே போதும். இதுக்கு மேல பெரிசு வேண்டாம்.

பழசுல மணி மீட்டர நம்பாதீங்க. ரப்பர் பெல்ட்டப் பாருங்க: உள்ள இருக்குற இரும்பு நாடா வெடிப்பு வழியா தெரிஞ்சா அந்தப் பெல்ட் சீக்கிரம் முடியும், விலை ரெண்டு பெல்ட்டுக்கும் சேர்த்துக் கழிக்கணும். பெல்ட்ட ஓட்டுற ஸ்ப்ராக்கெட் பல் கொக்கி மாதிரி ஒரு பக்கம் சாஞ்சிருந்தா பெல்ட்டோட சேர்த்து மாத்தணும். ரோலர்ல எண்ணெய் கசிஞ்சா சீல் போச்சு, தொளி உள்ள போயிருக்கும்.

ஹெச்.எஸ்.டி.: குளிர்ச்சியா இருக்கும்போது நல்லா ஓடிட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு வரப்பு ஏற திணறினா எச்சரிக்கை. ஆனா உடனே பம்ப் போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. எண்ணெய் அளவு, ஃபில்டர், ஹெச்.எஸ்.டி. பெல்ட் நழுவுதா, குளிர்விக்கிற விசிறியில கூளம் அடைச்சிருக்கா, இந்த நாலையும் பாத்த பிறகுதான் பம்ப். அதனால சோதனை ஓட்டம் பத்து நிமிஷம் போதாது, பாரத்தோட ஒரு மணி நேரம் வேணும்.

குழுவுக்கு வாங்குற யோசனைக்கு முன்ன வேளாண்மைப் பொறியியல் துறை வாடகை வண்டியையும் கணக்குல எடுங்க. உழவன் செயலியில இ-வாடகை வழியா பதியலாம். சீசன் உச்சத்துல வரிசை நீளம், முன்கூட்டியே போடணும்.

விதைநெல்
விதைக்கு விடுற வயல்ல எந்த வண்டிய எறக்கினாலும் மொதல்ல சுத்தம். டி.பி.எஸ் 5 (திருப்பதிசாரம் ரகம்) வயல்ல அம்பை 16 கலந்தா விதைச்சான்று போச்சு. வெளியூர் வண்டி வழியா களை நெல்லும் வரும், அது ஒரு தரம் வந்தா பல வருஷம் போகாது. எலிவேட்டர் அடி மூடி, ஆகர் தொட்டி, டிரம் கீழ்த் தட்டு, டேங்க் மூலை எல்லாம் தெறந்து காத்தடிக்கணும். அப்புறம் 5 நிமிஷம் வெறுமனே முழு வேகத்துல ஓட்டணும். அதுக்கு அப்புறமும் மொதல் ரெண்டு மூடைய விதைக்கு எடுக்காதீங்க. டிரம் வேகத்த விதைக்குக் கொறைக்கணும்: 60 செ.மீ. டிரம் 600 சுத்துல ஓடினா நுனி வேகம் நொடிக்கு ஏறக்குறைய 19 மீட்டர். அந்த அடியில உள்ளுக்குள்ள வெடிச்ச நெல்லு கண்ணுக்குத் தெரியாது, முளைப்புலதான் தெரியும்.

வரப்புக்காரன்
ஈரம் எவ்வளவு இருக்கும்போது அறுக்கிறது சரி? கொள்முதல் நிலையத்துல 17 சதவீதம் கேக்குறாங்க.

விதைநெல்
17 வரட்டும்னு வயல்ல காத்திருக்காதீங்க, கதிர் உதிரும், நெல்லு வெடிக்கும். 20–22 சதவீதத்துல அறுத்து களத்துல காய வைக்கிறதுதான் முறை. 24-க்கு மேல போனா வண்டிக்குள்ள ஒட்டும், அடைக்கும். 22-ல அறுத்த 100 கிலோ 17-க்கு வரும்போது 94 கிலோ ஆகும். களத்துல எடை கொறஞ்சதும் மெஷின் தின்னுருச்சுன்னு சொல்லுறவங்க இந்த 6 கிலோவத்தான் தேடுறாங்க. சேமிப்புக்கு 14-க்கு வரணும். கன்னிப்பூவுல காலையில பனி உலர்ந்து 10 மணிக்கு மேல வண்டிய எறக்குங்க. கும்பப்பூவுல நேர்மாறு, உச்சி வெயில்ல உதிர்வு கூடும், காலை வேளை நல்லது.

உழவர்குழு_7
சீசன் முடிஞ்சு வண்டிய நிறுத்தி வைக்கிறதப் பத்தியும் சொல்லிருங்க.

பெல்ட்வண்டி_ஓட்டுநர்
உள்ள ஒரு நெல்லு மிச்சம் இருந்தாலும் எலி வரும், வந்தா மொதல்ல வயரைத்தான் கடிக்கும். அதனால எல்லா மூடியையும் தெறந்து சுத்தம் பண்ணி, தெறந்தே விட்டுருங்க. ரேடியேட்டருக்கு இஞ்சின் பக்கத்துல இருந்து வெளியப் பாத்துக் காத்தடிக்கணும், எதிர்ப்பக்கம் அடிச்சா கூளம் உள்ள இறுகும். ரப்பர் பெல்ட்ட கழுவி, பலகை மேல ஏத்தி நிறுத்தி, டென்ஷனத் தளர்த்துங்க. வி-பெல்ட் எல்லாத்தையும் தளர்த்தணும். கத்திக்கும் செயினுக்கும் பழைய எண்ணெய் பூசலாம், ரப்பர்ல எண்ணெய் படக் கூடாது. டீசல் டேங்க் நெறைய இருக்கட்டும், காலியா விட்டா உள்ள தண்ணி கோர்க்கும். பேட்டரி நெகட்டிவக் கழத்திருங்க. மாசத்துக்கு ஒரு தரம் பேட்டரிய மாட்டி, தளர்த்தின பெல்ட்டுகள இறுக்கி பத்து நிமிஷம் ஓட்டி, முன்னும் பின்னும் ரெண்டடி நகர்த்திட்டு திரும்பத் தளர்த்துங்க.